மாலைதீவில் நாம் யாருடைய விருந்தாளி?

பாடசாலை விடுமுறைக் காலம் நெருங்கும்போது எனக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒரு வகை உண்டு. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் கொழும்புக்கு வரும் நண்பர்கள், ஊரையும் உறவையும் பார்த்து முடித்த கையோடு நான்கு நாள் மாலைதீவுக்கும் போய்வரத் திட்டமிடுகிறார்கள். கட்டுநாயக்காவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பறப்பு. விசாவை அங்கே போய் இறங்கியதும் கட்டணமின்றித் தருகிறார்கள். "முஸ்லிம் நாடாயிற்றே, அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? மனைவி என்ன உடுக்கலாம்? பிள்ளைகள் என்ன செய்யக்கூடாது?" என்று கேட்டு எழுதுகிறார்கள்.

இந்தக் கேள்விக்கு விமான நிறுவனங்களும் தூதரகங்களும் பயண முகவர்களும் ஆயத்தப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். மது கொண்டு செல்லாதீர்கள், தோளையும் முழங்காலையும் மூடுங்கள், பொது இடத்தில் முத்தமிடாதீர்கள். பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை வாசிக்கும்போதெல்லாம், விலங்குக் காட்சிச்சாலையின் கூண்டுக்கு முன்னால் தொங்கும் அறிவித்தற்பலகைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. கையை உள்ளே நீட்டாதீர்கள், கடிக்கும் என்கிறது பலகை. உள்ளே இருப்பது என்ன, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிப் பலகைக்கு அக்கறை இல்லை. மாலைதீவு விடயத்தில் இந்த அக்கறையின்மை தற்செயலாக வந்ததன்று. அது சட்டம் போட்டு வளர்க்கப்பட்டது.

அந்நாட்டின் முதலாவது உல்லாச விடுதி, மாலே நகருக்கு அண்மையிலுள்ள குரும்பா தீவில் 1972 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் பின் வளர்ந்தது ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற ஏற்பாடு. ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ள நாட்டில் மக்கள் வாழ்பவை 200 இற்கும் குறைவு. எஞ்சியவற்றில் சிலவற்றைக் குத்தகைக்குக் கொடுத்து, அங்கே மது, பன்றி இறைச்சி, நீச்சல் உடை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். குடிமக்கள் வாழும் தீவுகளில் இவை எதுவும் இல்லை. விமான நிலையத்தில் இறங்கும் வெள்ளைக்காரரை நேரே விரைவுப் படகிலோ கடல் விமானத்திலோ ஏற்றி ஆளில்லாத் தீவுக்கு அனுப்பிவிட்டால், அவரும் நம்மைப் பார்க்க மாட்டார், நாமும் அவரைப் பார்க்க மாட்டோம். பணம் வரும், பண்பாடு கெடாது. மிகக் கெட்டித்தனமான ஏற்பாடு. 1980களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம், உல்லாசப் பயணிகள் குடிமக்களின் தீவுகளில் தங்கவும் அனுமதிக்கப்படவில்லை.

இதன் விளைவாக, மாலைதீவுக்குப் போய்வந்தேன் என்று சொல்பவர்களிற் பெரும்பாலானோர் மாலைதீவைக் கண்டதே இல்லை. அவர்கள் கண்டது கடலையும் கட்டிலையும். அவர்களிடம் ஒரு மாலைதீவுக் குடும்பத்தின் அடுப்படி எப்படி இருக்கும் என்று கேட்டால் விழிப்பார்கள். வாடகை கொடுத்து வாங்கிய தீவில் நாகரிகம் என்பது ஊழியருக்குக் கொடுக்கும் சன்மானத்தோடு முடிந்துவிடுகிறது.

2008 ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் நிலைமை மாறியது. 2009, 2010 அளவில், குடிமக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்தலாம் என்று அனுமதி வந்தது. மாலேக்குத் தெற்கே படகில் போகக்கூடிய மாஃபுஷி என்ற சிறு தீவு இதில் முந்திக்கொண்டது. (நாட்டின் பிரதான சிறைச்சாலையும் அதே தீவில்தான் இருக்கிறது. தங்குவதற்கு வருவோரில் இரு வகையினர் உண்டு என்று அங்கு ஒருவர் என்னிடம் பகிடியாகச் சொன்னார்.) விடுதித் தீவுகளில் ஓர் இரவுக்குக் கேட்கும் பணத்தில் இங்கு ஒரு வாரம் இருந்துவிடலாம் என்பதால், நம்மவர்களிற் பலரும் இப்போது இத்தகைய தீவுகளையே நாடுகிறார்கள். நண்பர்களின் கேள்வி அதனாற்றான் இன்று பொருளுள்ளதாகிறது. விடுதித் தீவில் நீங்கள் வாடிக்கையாளர். மாஃபுஷியில் நீங்கள் ஓர் ஊருக்குள் வந்திருக்கும் அந்நியர். பக்கத்து வீட்டில் பிள்ளை குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார்.

2020 பெப்ரவரியில் நடந்த சம்பவம் பலருக்கு ஞாபகமிருக்கலாம். பிரித்தானியப் பெண் ஒருவர் நீச்சல் உடையோடு மாஃபுஷியின் தெருவில் நடந்து போனார். பொலிஸார் அவரைத் தெருவிலேயே மறித்து, கைகளைப் பிடித்து இழுத்துக் கைதுசெய்தனர். காணொளி உலகெங்கும் பரவியது. நாட்டின் பொலிஸ் ஆணையாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. மாஃபுஷியில் வெளிநாட்டவர் குளிப்பதற்கென்று மறைப்புக் கட்டிய கடற்கரை உண்டு. "பிகினி கடற்கரை" என்று பலகையே போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து தங்குமிடத்துக்குப் போக ஒரு துவாய் போதும், அல்லது ஒரு சாறம். அந்தப் பெண் செய்தது தவறு. பொலிஸார் செய்தது அதைவிடப் பெரிய தவறு. இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்ல முடியாதவர்களோடு இது பற்றிப் பேசிப் பயனில்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, நண்பர்கள் கேட்டதற்கு விடை சொல்லிவிடுகிறேன். குடிமக்களின் தீவுகளில் பெண்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. சுடிதார் தாராளமாகப் போதும், தலையை மூடும்படி வெளிநாட்டவரை யாரும் கேட்பதில்லை. ஆண்களும் மேலுடம்பில் ஒன்றுமில்லாமல் தெருவில் நடப்பது அழகன்று. மேலாடையின்றிக் குளிப்பது பெண்களுக்கு விடுதித் தீவுகளிலும் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் செருப்போடு போகவேண்டாம். ஒரு பெண் தானாகக் கை நீட்டினாலொழிய ஆண்கள் கைகுலுக்க முந்தவேண்டாம், நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தாற் போதும். பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமற் படம் எடுக்கவேண்டாம். கட்டுநாயக்கா தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தலை மாலே விமான நிலையத்திற் சுங்கத்தினர் எடுத்து வைத்துக்கொண்டு பற்றுச்சீட்டுத் தருவார்கள். திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். அவர்களோடு வாதாடும் நம்மவர்களை நான் கண்டிருக்கிறேன், பார்க்கச் சகிக்காது. வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமைகளில் பொதுப் படகுச் சேவை இல்லை என்பதைப் பயணத்திட்டம் போடும்போது மறக்கவேண்டாம். தொழுகை வேளையிற் கடைகள் சற்று நேரம் பூட்டப்படும். வாசலில் நின்று கதவைத் தட்டாமல் அந்த நேரம் காத்திருங்கள்.

றமழானில் போகிறவர்களுக்கு இன்னொன்று. பகலில் ஊர்த்தீவுகளின் தேநீர்க்கடைகள் மூடியிருக்கும். தெருவில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடிப்பதும் ஆகாது. விருந்தினர் இல்லத்துக்குள் உங்களுக்குச் சாப்பாடு தருவார்கள். அதைச் சமைத்துப் பரிமாறுகிறவர் நோன்பிருக்கிறார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பத்து மணிக்கொரு தேநீர், பதினொரு மணிக்கொரு பழச்சாறு என்று அவரை ஓட வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லைத்தான்.

இவற்றில் எது நமக்குப் புதிது? நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும் என்பதைச் சுவிஸில் பிறந்த பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகிறோம். செத்தவீட்டுக்கு எந்த உடுப்பு, கொடியேறிய வீதியில் என்ன சமைக்கக்கூடாது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஒரு வெள்ளைக்காரர் அரைக் காற்சட்டையோடு நம் கோயில் மண்டபத்தில் கால்நீட்டிப் படுத்தால் நமக்கு என்ன தோன்றுமோ, அதுவே அவர்களுக்கும். ஆகவே பட்டியலைப் பார்த்து மிரண்டுபோகும் தமிழரைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. மிரட்சிக்குக் காரணம் பட்டியலன்று, "முஸ்லிம் நாடு" என்ற சொல். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழும் படம் பாலைவனமும் வாளும். வந்து பார்த்தால் தென்னையும் மாசியும்.

மாசிக் கருவாட்டை நாம் தலைமுறை தலைமுறையாகச் சம்பலில் இடித்துத் தின்கிறோம். அது அவர்களிடமிருந்து வந்தது. பெயரும் அவர்களுடையதே, திவேஹி மொழியில் "மஸ்" என்றால் மீன். காலையில் அவர்கள் உண்ணும் மஸ்ஹுனி என்பது சூரை மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த ஒன்று, ரொட்டியோடு உண்பது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் அதை உண்டால், தேசிக்காய்ப் புளி சற்றுக் குறைவு என்பதைத் தவிர வேறு குறை சொல்லமாட்டார். மொழி சிங்களத்தின் நெருங்கிய உறவு. எழுத்து மட்டும் அரபு போல வலமிருந்து இடமாக ஓடுகிறது. மாலேயில் 1650களிற் பவளக் கல்லால் எழுப்பிய பழைய வெள்ளிப் பள்ளிவாசல் இருக்கிறது. முன்பிருந்த வழிபாட்டிடமொன்றின் அத்திவாரத்தின் மீது எழுப்பப்பட்டதால் கட்டடம் மக்காவின் திசையைச் சரியாக நோக்கவில்லை என்கிறார்கள். உள்ளே தொழுகைவரிசை சுவருக்குக் கோணலாக, மூலையை நோக்கி அமைகிறது. 12 ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவுமுன் அது பௌத்த நாடு. எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும்விட அந்தக் கோணல் வரிசை எனக்கு அந்நாட்டைப் பற்றி அதிகம் சொல்லிற்று.

உடையைப் பற்றியும் வரலாறு ஒரு வேடிக்கையை வைத்திருக்கிறது. மாலைதீவுப் பெண்கள் போதிய அளவு மூடிக்கொள்வதில்லை என்று முறையிட்டுப் பதிவுசெய்தவர் ஒரு பயணி. 1343 இல் அங்கு போய்ச் சேர்ந்த இப்னு பதூதா, நீதிபதியாக நியமனம் பெற்று, அந்நாட்டுப் பெண்களை மேலாடை அணிய வைக்கப் பெருமுயற்சி எடுத்தார். முடியவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். தம் நீதிமன்றத்துக்குள் மட்டுமே அவரால் அதைச் சாதிக்க முடிந்தது. அப்போது அந்நாட்டை ஆண்டவர் ஒரு பெண், சுல்தானா கதீஜா. அடுத்த ஆண்டு அங்கிருந்து மனத்தாங்கலோடு புறப்பட்ட அவர் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாகி, சிவனொளிபாதம் ஏறி, பின்னர் மதுரைச் சுல்தானிடம் போனது தனிக்கதை. இன்று மாலேத் தெருக்களிற் பெரும்பாலான பெண்கள் தலையை மூடியிருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரின் இளமைக்காலப் படங்களில் அப்படி இல்லை. ஆகவே அங்கே நீங்கள் மதிப்பது ஆயிரம் ஆண்டாக மாறாத ஏதோ ஒன்றை என்று எண்ணவேண்டாம். இன்று அந்த ஊரில் வாழும் மனிதர் இன்று எப்படி வாழ விரும்புகிறாரோ, அதை.

விருந்தாளிக்கு மட்டுமா கடமை? வீட்டுக்காரருக்கும் உண்டு. 2010 ஒக்டோபரில் ஒரு காணொளி வெளியானது. விடுதியொன்றில் ஐரோப்பியத் தம்பதி ஒன்று பணம் செலுத்தித் தம் திருமண உறுதியைப் புதுப்பிக்கும் சடங்கை நடத்தியது. சடங்கை நடத்திய ஊழியர், மந்திரம் ஓதும் ராகத்தில், திவேஹி மொழியில் அவர்களைப் பன்றிகள் என்றும் நம்பிக்கையற்றோர் என்றும் வைதுகொண்டிருந்தார். தம்பதி ஆசீர்வாதம் என்று எண்ணிப் பணிவோடு நின்றது. அன்றைய ஜனாதிபதி முகமட் நஷீட் தாமே தொலைபேசியில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஊழியரின் செயலுக்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனால் நாற்பது ஆண்டு காலம், பேசாமற் புன்னகைத்துத் தட்டு ஏந்துவதையே வேலையாகக் கொடுத்தால், தட்டு ஏந்துபவரின் மனத்தில் என்ன சேரும் என்பதையும் அந்தக் காணொளியில் நான் கேட்டேன்.

மதச் சட்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். இஸ்லாம் தவிர்ந்த எந்த மதத்தையும் அங்கே பகிரங்கமாக அனுட்டிக்க முடியாது. அறைக்குள் தனியே வணங்கலாம். வழிபாட்டுக்குரிய விக்கிரகங்களை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை. முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாகவும் முடியாது, 2008 இன் அரசியலமைப்பு அப்படிச் சொல்கிறது. எனவே கைப்பையிற் பிள்ளையாரைக் கொண்டு திரிகிறவர்கள் அவரை வீட்டிற் பத்திரமாக விட்டுவிட்டுப் போவது நல்லது. இந்தச் சட்டம் எனக்கு உவப்பானதன்று. 2022 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அந்நாட்டில் வசித்த 5 இலட்சத்துச் சொச்சம் பேரில் நால்வருக்கு ஒருவர் வெளிநாட்டவர். பங்களாதேஷ், இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் தொழிலாளர். அவர்களில் இந்துவும் பௌத்தரும் கிறிஸ்தவரும் உண்டு. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஊரில் ஒரு விளக்கேற்ற ஒரு பொது இடம் இல்லை என்பது பெரிய குறை. 2012 பெப்ரவரி 7 ஆம் திகதி மாலே அருங்காட்சியகத்துக்குள் புகுந்த கும்பல் ஒன்று பழைய பௌத்தச் சிலைகளை உடைத்து நொறுக்கியது அதைவிடப் பெரிய துயரம். உடைபட்டவை அவர்களுடைய முப்பாட்டனார் செதுக்கியவை.

இதையெல்லாம் இங்கே, என் பெயரில் எழுதுகிறேன். ஆனால் நான்கு நாள் தங்கப்போன வீட்டில், எனக்குத் தேநீர் ஊற்றித் தரும் அம்மாவிடம் இந்த வழக்கைப் பேசமாட்டேன். கேட்டால் சொல்வேன். அவர் அந்தச் சட்டத்தை எழுதியவரல்லர்.

இனி, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று. இலங்கைத் தமிழருக்கு மட்டும் உரியது.

1988 நவம்பர் 3 ஆம் திகதி விடியற்காலையில், தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஏறத்தாழ எண்பது ஆயுததாரிகள் கடல்வழியாக மாலேயில் இறங்கினர். மாலைதீவு வர்த்தகர் ஒருவரின் ஆட்சிக் கவிழ்ப்புத் திட்டத்துக்குக் கூலிப்படையாகப் போனவர்கள். ஜனாதிபதி கையூம் தப்பினார். அன்றிரவே இந்தியப் படையினர் வந்து இறங்கினர். வந்தவர்களில் ஒரு பகுதியினர் கப்பலொன்றைக் கைப்பற்றிப் பணயக் கைதிகளோடு தப்பியோடி, நடுக்கடலிற் பிடிபட்டனர். படையினரும் பொதுமக்களும் பணயக் கைதிகளும் மாண்டனர். நமக்கு அது போர்க்காலத்தின் ஆயிரம் செய்திகளில் ஒன்று. இந்திய அமைதிப் படை வடக்கில் நின்ற காலம், நான் உயர்தர வகுப்பு மாணவன், அந்தச் செய்தியை இரண்டு நாள் பேசிவிட்டு மறந்தோம். அவர்களுக்கு நவம்பர் 3 அரச விடுமுறை நாள். வெற்றி தினம். பாடசாலைப் பிள்ளைகள் அதைப் படித்து வளர்கிறார்கள். ஒரு சிறு நகரத்தில், எல்லோரும் எல்லோரையும் அறிந்த தெருக்களில், துப்பாக்கியோடு வந்தவர்கள் தமிழ் பேசினார்கள் என்பதை அன்றைக்கு அங்கிருந்த எவரும் மறக்கவில்லை.

நம்மவர்கள் அங்கே போய் "ஸ்ரீலங்கா" என்று சொல்லி உரிமையோடு கதைப்பதைப் பார்க்கிறேன். நல்லது. நமக்கும் அவர்களுக்கும் உறவு நெருக்கமானது, வைத்தியத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கொழும்புக்கு வந்து தெகிவளையிலும் வெள்ளவத்தையிலும் வாடகைக்கு இருக்கும் மாலைதீவுக் குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் "எங்களுக்கு நடந்தது தெரியுமா" என்று நம் துயரத்தை அங்கே விரிக்கத் தொடங்குமுன், அவர்களுக்கு நம் பெயரில் நடந்தது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படையெடுப்பைச் சாகசக் கதையாகப் பேசும் குரலை நம் மத்தியில் இன்னும் கேட்கிறேன். மாலேத் தேநீர்க்கடையில் அந்தக் குரலில் தமிழில் பேசினாலும் புரிந்துகொள்கிறவர்கள் இருப்பார்கள். விடுதிகளில் தமிழரோடு வேலை செய்தவர்கள், தமிழகத்தில் வைத்தியத்துக்குப் போய்வந்தவர்கள்.

கடற்கரையோரம் ஆண்கள் கூடியிருந்து கதைக்கும் கொட்டகையை ஹொல்ஹுஆஷி என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தீவில் அப்படியொன்றில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்த முதியவர் எந்த ஊர் என்று சிங்களம் கலந்த ஆங்கிலத்திற் கேட்டார். கொழும்பு என்றேன். சிங்களமா, தமிழா என்றார். தமிழ் என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நவம்பரில் தான் மாலேயில் ஒரு கடையில் வேலை செய்ததாகவும், விடிந்ததும் கதவிடுக்கால் பார்த்ததாகவும், இரண்டு நாள் வெளியே வரவில்லை என்றும் சொன்னார். "ஐயா, அதைப் பற்றி நான் வாசித்திருக்கிறேன். உங்கள் வாயாற் கேட்டதில்லை" என்றேன். முழுவதையும் சொன்னார், ஏறத்தாழ ஒரு மணி நேரம். நான் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. மஃரிப் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் எழுந்து, சாறத்தைத் தட்டிக்கொண்டு, வெள்ளவத்தையில் தன் மனைவிக்கு வைத்தியம் பார்த்த தமிழ் வைத்தியர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார்.